ராகு காலம் தெரியாத இரண்டு டியூப்கள்

நம் லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரம்மா கேட்டார். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ள எங்களுக்கு வராது. போதாததற்கு நான் கடற்கரை ஊர்க்காரி, காற்றோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய தொண்டை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மில்லி ஊற்றுவது, என்ன வேகத்தில் சுற்றுவது என்பதை நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் மேசைக்கு எதிரே லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறது. அதில் இருப்பது அத்தனையும் சரி. ஆனால் அந்தத் தாளின்படி எல்லாம் சரியாகச் செய்தும், ரத்தம் நம் சொல்பேச்சைக் கேட்காமல் போகிற நாள் ஒன்று வரும். எனக்கு வந்தது. அன்றைக்கு நடந்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும்தான் சொல்ல வந்தேன்.

நம் வேலை என்னவென்று வீட்டில் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்களோ தெரியாது. "ரத்தத்துலேருந்து செவப்ப எடுக்குற வேலை" என்று நான் சொல்வேன். என் வீட்டுக்காரர் மீன் ஏலத்தில் நிற்கிறவர். இன்றுவரை அவர் அதை நம்பவில்லை. "செவப்ப எடுத்துட்டா அப்புறம் அது ரத்தமா?" என்பார்.

அவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஒரு துளி ரத்தத்தில் சிவப்பணுக்களின் கூட்டம் அப்படி. நாம் தேடுகிற வெள்ளணுக்கள், அதாவது உடம்புக்குள் நுழைகிற கிருமியோடு மல்லுக்கு நிற்பவை, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் கூடவே இருக்கிற எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை. ஏன் வருவதில்லை என்பதுதான் நம் ஆய்வின் கேள்வி. அதற்குப் பதில் வெள்ளணுக்களிடம் இருக்கிறது. அதனால்தான் அந்த வீடுகளுக்குப் போய் எல்லோரிடமும் ரத்தம் வாங்கி வருகிறோம், வந்ததும் முதல் வேலையாகச் சிவப்பணுக்களைப் போக்குகிறோம்.

அதற்கு ஊற்றுகிற கரைசலுக்கு, அதான் பஃபருக்கு, பெயர்தான் பெரிது. உள்ளே இருக்கிற முக்கியமான சரக்கு நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்துத் தேய்ப்பார்களே, அதேதான். அது பட்டதும் சிவப்பணு தண்ணீரை இழுத்து இழுத்து உப்பி, தாங்க முடியாமல் உடைந்துவிடும். வெள்ளணு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நம் பிழைப்பு ஓடுகிறது. அவசரப்பட்டு நிறுத்தினால் சிவப்பு மிஞ்சும், அசந்துவிட்டால் வெள்ளையும் செத்துப் போகும்.

நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். ஆஸ்பத்திரி லேபில் வருஷக்கணக்காக ரத்தம் பார்த்துவிட்டு வந்தவள், இனி ரத்தத்தில் எனக்கென்ன புதுசு என்கிற மிதப்பு இருந்தது. டியூபில் பஃபரை ஊற்றிக் கவிழ்த்து நிமிர்த்தினேன். முதலில் கலங்கலாக, செம்மண் குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று, யாரோ உள்ளே விளக்குப் போட்ட மாதிரி, கலங்கல் முழுக்கத் தெளிந்து நன்னாரி சர்பத் நிறத்தில் நின்றது. என் விரல் ரேகைகூட அந்தப் பக்கம் தெரிந்தது. சுழற்றி எடுத்து மேலே இருந்ததைக் கொட்டினால், அடியில் ஊசிமுனையால் தொட்டு வைத்த சுண்ணாம்பு அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. ஒரு மனிதரைக் காவல் காக்கிற படை அவ்வளவுதான். எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாததால் வாய்விட்டே "யா அல்லாஹ்" என்றேன்.

தெளிந்ததா இல்லையா என்று பார்க்க நம் லேபுக்கு ஒரு தனி வழக்கம் இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். சன்னல் பக்கத்துச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. அதில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ராகு காலம் போட்டிருக்கும். டியூபை அதற்கு நேராகப் பிடித்து, எழுத்து படிக்கிற மாதிரி தெரிந்தால் வேலை முடிந்தது. யார் தொடங்கி வைத்ததோ, எனக்கு முன்னாலிருந்தே இருக்கிறது. "சுபைதாக்கா, ராகு காலம் தெரியுதா?" என்று அந்தக் கோடியிலிருந்து கேட்பார்கள். "தெரியுது, தெரியுது" என்று நான் இந்தக் கோடியிலிருந்து கத்துவேன். இந்த ஜில்லாவிலேயே தினமும் தவறாமல் ராகு காலம் பார்த்த முஸ்லிம் பொம்பளை நான் ஒருத்திதான் என்று டாக்டரம்மா கேலி செய்வார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள். நம் முருகேசன், பைக்கில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர், குளத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு ஸ்டாண்ட் நிறைய டியூப் கொண்டுவந்து வைத்தார். டியூப்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடைய ரத்தம் என்று நமக்குத் தெரியக் கூடாது என்பது ஆய்வின் விதி. எண்ணுக்குரிய பெயர் டாக்டரம்மாவிடம் மட்டும் பூட்டி இருக்கும்.

பஃபரை ஊற்றினேன். ஒவ்வொன்றாகக் காலண்டருக்கு நேராகப் பிடித்தேன். எல்லாவற்றிலும் ராகு காலம் பளிச்சென்று தெரிந்தது, இரண்டைத் தவிர. அந்த இரண்டும் அடுத்தடுத்த எண்கள். இரண்டிலும் ஊற்றிய மாதிரியே கலங்கல், எழுத்தும் இல்லை ஒன்றும் இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் லேபில் முதலில் மாட்டுவது பஃபர்தான். நம் கையில் தப்பு இருக்காது, ரத்தத்தில் தப்பு இருக்காது, பாவம் பஃபர் வாயில்லாப் பூச்சி. கரண்ட் போயிருக்கும், ஃபிரிட்ஜ் சூடாகியிருக்கும், கெட்டுப்போயிருக்கும் என்று கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குவோம். ஆனால் அதே பஃபர் மற்ற டியூப்களில் ஒழுங்காக வேலை செய்திருக்கிறதே. அடுத்தபடியாக முருகேசன்மேல் பாய்ந்தோம்.

"நீங்க ஐஸ்மேல நேரா வச்சிருப்பீங்க, அதான் இப்புடி ஆயிருச்சு" என்றாள் என்னோடு வேலை பார்த்த பெண்.

முருகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அடைக்கு வச்ச முட்டைய கொண்டார மாதிரில்ல கொண்டாரேன். இந்த ரெண்டும் ஒரே வீட்டுல எடுத்தது. அந்த வீட்டுல எடுத்த மூணாவது டியூபு நல்லாத்தான இருக்கு? அது மட்டும் ஐஸ்ல படலையாக்கும்?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை, பேசவும் கூடாது. ஆனால் சொன்னவரைக்கும் எனக்குச் சுருக்கென்றது.

தாளின்படி அந்த இரண்டு டியூப்களையும் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். சிவப்பு மிஞ்சிய சாம்பிள், ஆய்வுக்கு உதவாது, ஒதுக்கிவிடலாம். யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. வெள்ளணுக்கள் இன்னொரு பக்கம் நிமிஷத்துக்கு நிமிஷம் வாடிக்கொண்டிருந்தன. மற்ற டியூப்களின் வேலையும் அப்படியே நின்றது. நான் மற்றவற்றைச் சுழற்றப் போட்டுவிட்டு, மூல ரத்தத்தில் மிச்சமிருந்ததை எடுத்துப் புதிதாகக் கலக்கிய பஃபரில் மறுபடி போட்டேன். பக்கத்திலேயே என் கையிலிருந்து கொஞ்சம் எடுக்கச் சொல்லி அதையும் போட்டேன். என் ரத்தம் சமர்த்தாகத் தெளிந்தது. அந்த இரண்டும் பிடிவாதமாக அப்படியே நின்றன. எனக்கு எரிச்சல் போய் ஒரு மரியாதை வந்துவிட்டது. அடேயப்பா, இவ்வளவு நவச்சாரத்துக்கும் அசையாமல் நிற்கிற அணு எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஆசை வந்தது.

ஆளுக்கொரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நல்ல சிவப்பணு எப்படி இருக்கும்? நடுவில் லேசாக வெளிறி, குழிந்த தட்டு மாதிரி. இவை சின்னச் சின்னதாக, சோகையாக இருந்தன. அதோடு பலவற்றில், வெளிறிய நடுப்பாகத்துக்குள்ளே சரியாக ஒரு சிவப்புப் பொட்டு. யாரோ ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பொட்டு வைத்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டாவது தகட்டையும் வைத்தேன். அதிலும் அதே பொட்டு.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் என்னைவிட ரொம்ப இளையவர், ஆனால் மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிரமாட்டார். முதல் தகட்டைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மறுபடி முதலாவதைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வீடா?"

"முருகேசன் அப்புடித்தான் சொல்றாரு."

அவர் எழுந்து தன் அறைக்குப் போய் எண்ணுக்குரிய பெயர்களைப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது முகம் மாறியிருந்தது.

"புருஷன் பொண்டாட்டிக்கா. அத்தை மகன், மாமன் மகள். பொண்ணு மாசமா இருக்கு."

பொட்டு வைத்த சிவப்பணு எதைச் சொல்கிறது என்பதை அவர்தான் எனக்கு விளக்கினார். தலசீமியா என்று பெயர். சிவப்பணு செய்கிற குறிப்பு ஒன்று அப்பாவிடமிருந்தும் ஒன்று அம்மாவிடமிருந்தும் நமக்கு வருகிறது. ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் ஆள் நன்றாக நடமாடுவார், கொஞ்சம் சோகை போலத் தெரியும், அவ்வளவுதான். அணு சின்னதாக, மெல்லிசாக இருப்பதால் எவ்வளவு தண்ணீர் போனாலும் உப்ப இடம் இருக்கும், லேசில் உடையாது. இரண்டும் பழுதாகப் பிறக்கிற குழந்தைக்குத்தான் கஷ்டம். பிறந்த சில மாதத்திலிருந்தே ஆயுசு முழுக்க ஊரார் ரத்தத்தை ஏற்றி ஏற்றித்தான் பிழைக்க வைக்க வேண்டும். இந்த வீட்டில் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று பழுது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இரண்டும் சேர்ந்து வருமா, ஒன்று மட்டும் வருமா, ஒன்றுமே வராதா? எதுவும் நடக்கலாம்.

இந்தப் பழுதே ஒரு காலத்தில் மலேரியாவிலிருந்து ஆட்களைக் காப்பாற்றத்தான் ரத்தத்தில் தங்கியது என்றும் அவர் சொன்னார். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் யாரையோ சாகவிடாமல் பிடித்துவைத்தது, இன்றைக்கு என் மேசைமேல் உடையமாட்டேன் என்று நிற்கிறது. 

இனிமேல்தான் இக்கட்டு. நாம் ஆஸ்பத்திரி இல்லை. நம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தது தீர்ப்பும் இல்லை. தப்பாக இருந்தால் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அநியாயமாகக் கலங்கடித்த பாவம் வந்து சேரும். சரியாக இருந்து நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால், குழந்தையை வயிற்றிலேயே சோதித்துப் பார்க்கிற காலம் கடந்துவிடும். அந்தக் காலம் ரொம்பச் சின்னது. இதில் இன்னொன்று, புருஷன் துபாயில் வேலை பார்க்கிறவர், லீவு முடிந்து கிளம்புகிற நேரம்.

டாக்டரம்மா அவசரப்படவும் இல்லை, தள்ளிப்போடவும் இல்லை. ஆய்வின் நெறிகளைக் கவனிக்கிற குழுவின் தலைவரைப் போனில் பிடித்தார். உள்ளதை உள்ளபடி சொன்னார். "சந்தேகம் என்று மட்டும் சொல்லுங்கள், முறையான பரிசோதனைக்கு அனுப்புங்கள், முடிவு அவர்களுடையது" என்று தலைவர் சொல்ல, அனுமதி வாங்கினார். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களும் வாங்க. எனக்கு மருத்துவம் பேச வரும், மாமியார்கிட்டப் பேச வராது" என்றார்.

ஜீப்பில் போகும்போது எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே பேசிக்கொண்டு போனோம். நோய் என்கிற வார்த்தை வாயில் வரக் கூடாது என்று முடிவு செய்தோம். அதைவிட முக்கியமாக, புருஷனுக்கு முன்னால் பெண்டாட்டியின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. நம் ஊரில் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது என்றால் பழி யார் தலையில் விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குள் நடுக்கூடத்தில் பாதி கட்டிய அட்டைப்பெட்டி கிடந்தது. கருவாடும் ஊறுகாயும் மசாலாப் பொடியுமாகத் துபாய்க்குப் போகத் தயாராக இருந்தது. புருஷன் கருப்பையா, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன், டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அவருடைய கணவருக்குத்தான் காசநோய், மருந்து சாப்பிட்டுத் தேறிக்கொண்டிருந்தார். அந்த மூன்றாவது டியூப் அவருடையது, இந்த அம்மா ஊசிக்குப் பயந்து கையை நீட்டவில்லையாம். உள்ளேயிருந்து மருமகள் தமிழரசி மெல்ல வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒல்லியான பெண், கண்ணிமைக்குக் கீழே வெளுத்திருந்தது.

"ரெண்டு பேரோட ரத்தத்தப் பத்தியும் பேசணும்" என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். "ரெண்டு பேரு" என்பதை அழுத்திச் சொன்னார்.

தமிழரசி அதற்குள் முந்திக்கொண்டாள். "ரத்தம் கொறச்சலா இருக்குன்னுதானங்க சொல்ல வந்திருக்கீங்க? நான் மாத்திரை முழுங்குறேங்க. நெசமா முழுங்குறேன். நர்சம்மா நம்ப மாட்டேங்குறாங்க. மாத்திரைய கோழிக்குப் போடுறியான்னு வைறாங்க. எங்க வீட்டுல கோழியே கெடையாதுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த நர்சம்மாவையும் குறை சொல்ல மாட்டேன், மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார். ஆனால் இந்தப் பெண், பெரியவளான காலத்திலிருந்து மாத்திரையை விழுங்கிக்கொண்டும் பொய்க்காரி என்று பேர் வாங்கிக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். "நீங்க மாத்திரை சாப்பிட்டது நெசம்னு நான் நம்புறேன்மா. எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாது. ஒங்க சிவப்பணுவோட அச்சே அப்புடின்னு எங்களுக்குச் சந்தேகம். அதுல ஒங்க தப்பு ஒண்ணும் இல்ல."

தமிழரசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். குழந்தையைப் பற்றி நாங்கள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னை ஒருவர் நம்பியதற்கே அந்த அழுகை.

மாமியார் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். "பாயம்மா, நீங்க சொல்லுங்க, என்னன்னு ஒண்ணும் வெளங்கலையே. இவ வயித்துல எதுவும் கோளாறா?"

"இவகிட்ட மட்டும்னா நாங்க வந்திருக்கவே மாட்டோம் அத்தாச்சி. ஒங்க மகன்கிட்டயும் அதே அளவு இருக்கு, ஒரு பொட்டுக்கூட வித்தியாசம் இல்ல."

"இருக்கும்ல" என்றார் அந்த அம்மா, ஒரு பெருமையோடு. "சொந்தத்துக்குள்ளயே குடுத்து வாங்குற குடும்பம். என் தம்பி மகதான் இவ. எங்க ரத்தமெல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணா இருக்கதாலதான் அத்தாச்சி இந்தச் சோதனை."

கருப்பையா டேப்பைக் கீழே வைத்தார். நல்ல திடகாத்திரமான ஆள், தனக்கு ஏதோ இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறார். டாக்டரம்மா அவருக்கு எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். குழந்தைக்கு இரண்டும் வரலாம், ஒன்றும் வரலாம், வராமலும் போகலாம். முதலில் திருச்சியில் உங்கள் இரண்டு பேருக்கும் சரியான பரிசோதனை. அங்கே உறுதியானால் சென்னையில் குழந்தைக்கு. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம், யாரும் வற்புறுத்த மாட்டோம்.



"தெரிஞ்சுக்காமயே இருந்துட்டா?" என்று மாமியார் மெதுவாகக் கேட்டார்.

தமிழரசிதான் பதில் சொன்னாள். "வேணாம்த்தே. எதுவா இருந்தாலும் எனக்கு இப்பயே தெரியணும்."

கருப்பையா அட்டைப்பெட்டியைக் காலால் சுவரோரமாகத் தள்ளினார். "டிக்கெட்ட மாத்திக்கிறேன். நான் இல்லாம இவ எங்கிட்டும் போக வேணாம்" என்றார். அந்த நிமிஷத்தில் அந்த மனிதர்மேல் எனக்கு அப்படி ஒரு மதிப்பு வந்தது.

திருச்சியில் எங்கள் சந்தேகம் உறுதியானது. பிறகு இரண்டு பேரும் சென்னைக்குப் போய் வந்தார்கள். முடிவு வரும்வரை மாமியார் குடுமியான்மலைக் கோயிலுக்கு நடையாக நடந்தார். நான் ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆவில் அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டேன். டாக்டரம்மா எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை என்று சொன்னார், ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் துள்ளி விழுந்தார்.

முடிவு வந்த அன்று முன்பகல். தமிழரசியும் கருப்பையாவும் மாமியாரும் அது வருகிறது என்று தெரிந்து டாக்டரம்மா அறையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் அப்போதுதான் ஒரு வரிசை டியூப்களில் பஃபரை ஊற்றியிருந்தேன். அறையில் போன் அடித்தது. கண்ணாடிக் கதவு வழியாக டாக்டரம்மா போனை எடுப்பது தெரிந்தது, தமிழரசியின் முதுகு தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்று ஒரு எழுத்தும் கேட்கவில்லை.

போட்டுவிட்டு ஓடலாமா? ஓடினால் என் கையில் இருக்கிற வெள்ளணுக்கள் அத்தனையும் போகும். அவையும் யாரோ நம்பிக் கொடுத்த ரத்தம். எழுந்த கால்களைப் பிடித்து நிறுத்தினேன். ஒவ்வொரு டியூபாகக் காலண்டருக்கு நேராகப் பிடித்தேன். எழுத்து தெளிவாகத்தான் தெரிந்தது, என் கண்தான் கலங்கியிருந்தது. பஃபரின் வேலையை நிறுத்துகிற கரைசலை ஊற்றி, எடை சமமாக வைத்து, சென்ட்ரிஃபியூஜ் மூடியை அடைத்து, பட்டனை அழுத்தினேன். அதற்கு அப்புறம்தான் நடந்தேன். நீங்கள் என்னிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் அந்த நடையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்தபோது டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "ஒருத்தர்கிட்டருந்து மட்டுந்தான் வந்திருக்கு. ரெண்டும் சேரல. கொழந்த ஒங்கள மாதிரியேதான் இருக்கும்."

"எங்கள மாதிரியேவா?" என்று கருப்பையா கேட்டார். காதில் விழுந்ததை நம்ப முடியாத குரல்.

"ஆமா. ஒங்க ரெண்டு பேரு மாதிரியே. நல்லா இருக்கும்."

மாமியார் மூக்கைச் சிந்திவிட்டு, "பின்ன, வேற யார மாதிரி இருக்குமாம்?" என்றார். அந்த அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டே சிரித்தோம். தமிழரசி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

பிரசவம் புதுக்கோட்டையில் நடந்தது. பெண் குழந்தை. காசநோய் வந்த வீட்டில் பிறக்கிற குழந்தைகளின் வெள்ளணுக்களையும் பார்ப்பது நம் ஆய்வில் ஒரு பகுதி என்பதால், தமிழரசியின் சம்மதத்தோடு தொப்புள்கொடி ரத்தம் ஒரு டியூப் நம் லேபுக்கு வந்தது. அன்று மேசையில் என்னோடு இருந்தது, இன்று உங்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறவர்களில் ஒருத்திதான். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். பஃபரை ஊற்றிவிட்டுக் காலண்டருக்கு நேராகப் பிடித்தவள், "அக்கா, ராகு காலம் தெரியலக்கா, பஃபர் கெட்டுப்போச்சு" என்று அதைக் கொட்டுவதற்குக் கிளம்பிவிட்டாள்.

"அடி, நில்லுடி" என்று கையைப் பிடித்தேன். பிறந்த குழந்தையின் சிவப்பணு எந்த வீட்டுக் குழந்தையாக இருந்தாலும் நம் பஃபருக்கு லேசில் மசியாது. ஏழை, பணக்காரர், சொந்தத்தில் கட்டியவர், அசலில் கட்டியவர் எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படித்தான். கருவில் உருவான அணுவின் வார்ப்பு வேறு, நவச்சாரத்தை உள்ளே வாங்கிக்கொள்கிற ஏற்பாடு அதில் இன்னும் சரியாக அமைந்திருக்காது. பிள்ளை வளர வளரத்தான் புது அணுக்கள் வந்து நம் வழிக்கு வரும். உலகத்துக்கு வந்த முதல் நாள் எந்த மனுஷரும் நமக்குக் கட்டுப்பட்டவர் இல்லை என்று அப்போது தோன்றியது. இவ்வளவு வருஷம் இந்த வேலையைப் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை, அன்றும் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

மறுநாள் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். தமிழரசி பிள்ளையை மடியில் போட்டிருந்தாள். கண் திறக்காத அந்தப் பிள்ளை முஷ்டியை மடக்கி யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தது.

"எம் மக ரத்தம் ஒங்ககிட்ட வந்துச்சாக்கா? என்ன சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

"என்னத்தச் சொல்ல. ஒம் மக எங்க பேச்சக் கேக்க மாட்டேங்குறா. நானும் ஊத்திப் பாத்துட்டேன், ஒடையவே மாட்டேங்குது."

அவள் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதன் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டபடியே சொன்னாள்:

"ஒடையாமயே இருக்கட்டும்க்கா."